தேதி இல்லாத வாக்கியங்கள்

"ஞாயிறு. பகல் முழுவதும் மழை. மாலையில் ஹோட்டலில் கல்யாண விருந்துச் சாப்பாட்டை முன்கூட்டி ருசி பார்க்கும் நிகழ்ச்சி. இரண்டு வீட்டாரும் வந்திருந்தோம். மீன் நன்று. நான் அதிகம் பேசவில்லை."

என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. முழுத் தேதியும் அங்கே உண்டு. கல்யாணம் சம்பந்தப்பட்ட தேதி எதையும் வெளியில் எழுத வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டதால் இங்கே கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன். நாட்குறிப்பு எழுதுகிறவன் பொய் எழுதக்கூடாது என்பது என் கொள்கை. அன்றைய குறிப்பின் கடைசி வாக்கியம் பொய்யில்லை. ஆனால் அதைப் படிக்கிறவருக்கு நான் அடக்கமாக உட்கார்ந்திருந்ததாகத் தோன்றும். அதற்காகவே அப்படி எழுதினேன் என்று நினைக்கிறேன்.

நடந்தது வேறு. என் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். சீனர், நல்ல மனிதர். மீனின் முள்ளில்லாத பகுதியைத் தேடி எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, என் மனைவி எப்போது காலமானார் என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். கேள்வி தெளிவாகப் புரிந்தது. பதிலும் தெரியும். வருடம், மாதம், கிழமை, விடியலுக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்பது வரை தெரியும். தமிழில் நாம் காலத்தை முதலில் அடுக்குவோம். போன வருஷம், இன்ன மாசம், செவ்வாய்க்கிழமை, விடியற்காலையில் என்று அடுக்கி முடித்துத்தான் யார், என்ன ஆனார் என்பதற்கு வருவோம். என் வாயும் அந்த வழியிலேயே போனது. "லாஸ்ட் இயர். டியூஸ்டே. மார்னிங். ஆல்ரெடி" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. என் வாக்கியத்தில் மனைவியும் இல்லை, சாவும் இல்லை. பெரியப்பா மரியாதையாகக் காத்திருந்தார். மேசை முழுக்கக் காத்திருந்தது.

"வாட் மை ஃபாதர் மீன்ஸ்…" என்று என் மகள் ஆரம்பித்து, ஒரே மூச்சில் அதை அழகாகச் சொல்லி முடித்தாள். எல்லோரும் வருத்தம் தெரிவித்தார்கள். நான் இன்னொரு துண்டு மீன் எடுத்துக்கொண்டேன்.

நான் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவன். அப்படிப்பட்ட பள்ளிகள் இங்கே மூடப்படுவதற்கு முன் வெளிவந்த கடைசிக் கூட்டங்களில் ஒருவன். சாங்கி விமான நிலையத்தில், சரக்குக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். அங்கே தேவைப்பட்ட ஆங்கிலம் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் ஆங்கிலம். இந்தப் பக்கம் மேலே, உடையும், நனையக்கூடாது. படிப்பதற்கு எனக்குப் பயமில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தடித்த ஆங்கில வரலாற்றுப் புத்தகங்களை அடிக்குறிப்பு விடாமல் படித்திருக்கிறேன். கண்ணுக்குள் போன ஆங்கிலம் வாய்க்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். வேலையில் இருந்தவரை இதை யாரும் கவனிக்கவில்லை. வீட்டில் வெளி ஆட்களோடு பேசும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஆங்கிலம் என்னைவிடக் குறைவு. ஆனால் சந்தை மலாயை வைத்துக்கொண்டு மீன்காரர், மின்தூக்கி பழுதுபார்க்கிறவர், டாக்டர் என எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவாள்.

ஹோட்டலிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது மகள் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, கல்யாண டின்னர்ல நம்ம சைட்ல நீங்கதான் ஸ்பீச். சின்னதா போதும். தமிழ்லயே பேசுங்க. நான் பக்கத்துல நின்னு டிரான்ஸ்லேட் பண்ணிடறேன்."

"வாட் மை ஃபாதர் மீன்ஸ்னா?"

"ஐயோ, அதுக்கா இவ்ளோ நேரம் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க?"

"மூஞ்சி எப்பவும் இப்படித்தான். நான் இங்கிலீஷ்லயே பேசிடறேன்."

அவள் நின்றுவிட்டாள். "நிஜமாவா?"

"ஏன், பேசக்கூடாதா?"

"பேசுங்கப்பா, உங்க இஷ்டம். ஆனா ஒண்ணே ஒண்ணு. அம்மாவைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடுங்க. அவங்க வீட்ல ஒருத்தருக்கும் அம்மாவைத் தெரியாது. ஃபோட்டோல பாத்திருக்காங்க, அவ்வளவுதான். யாரு பொண்ணு நான்னு அவங்களுக்குத் தெரியணும்லா?"

சொல்கிறேன் என்றேன். அது நான் கொடுத்த வாக்கு.

மனைவி இருந்தபோதே, இரு வீட்டாரும் முறைப்படி சந்திக்க ஒரு நாள் குறித்திருந்தோம். பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் நான்தான் முதலில் அவர்கள் வீட்டுப் படியேற வேண்டும் என்று என் அக்கா சொல்லியிருந்தார். சீனர் வீட்டில் அந்த முறையெல்லாம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய வாரம் என் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் திரும்பி வரவில்லை. எனவே அவள் சம்பந்தி வீட்டாரைப் பார்த்ததே இல்லை. என் குறிப்புகளிலும் அப்படித்தான் இருந்தது.

குவீன்ஸ்டவுனில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். லிட்டில் இந்தியாவில், வீட்டுக்குப் பக்கத்திலேயே, இதே மாதிரி வகுப்பு ஒன்று நடக்கிறது. அங்கே போக முடியாது. அந்தச் சிராங்கூன் சாலையில் என்னை ஐயா என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில், பேச்சாளர் ஒரு வருடத்தைத் தவறாகச் சொன்னால் கையைத் தூக்கித் திருத்துகிறவன் நான். அந்தக் கை அடிப்படை ஆங்கில வகுப்பின் வருகைத்தாளில் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்கக்கூடாது. மகளிடம் பழைய பத்திரிகைகள் பார்க்க நூலகத்துக்குப் போவதாகச் சொன்னேன்.

ஆசிரியை ஒரு மலாய்ப் பெண். என் மகளைவிட இளையவர். எங்களை அங்கிள், ஆண்டி என்றுதான் அழைப்பார். மூன்றாவதோ நான்காவதோ வாரம், காலத்தைக் காட்டும் சொற்களை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்ற பாடம் வந்தது. அவர் கரும்பலகையில் எழுதவில்லை. சொற்களைத் தடித்த அட்டைகளில் எழுதி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, வரிசையாக நின்று வாக்கியமாகுங்கள் என்றார். ஒருவர் கையில் 'ஷீ', இன்னொருவர் கையில் 'டிரிங்ஸ்', மற்றொருவர் கையில் 'காஃபி'. ஒரு சீன ஆண்டிக்கு 'இன் த மார்னிங்'. எனக்கு வந்தது 'ஆல்வேஸ்'.

நான் தயங்காமல் போய் வரிசையின் முன்னால் நின்றேன். காலம் முதலில் வரும். அறுபது வருடப் பழக்கம். சீன ஆண்டி எனக்கும் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"ஆண்டி ஓகே" என்றார் ஆசிரியை. "ஆண்டி கேன் ஸ்டாண்ட் இன் ஃப்ரன்ட், கேன் ஸ்டாண்ட் அட் த பேக். அங்கிள், யூ கன்னாட்."

"ஒய் ஷீ கேன்?" என்றேன். வகுப்பு சிரித்தது.

ஆசிரியை பொறுமையாக விளக்கினார். நேற்று, காலையில், திங்கட்கிழமை போன்ற சொற்கள் ஓரத்தில் நிற்கும். அவற்றைக் கடைசியில் வைத்தால் பெரும்பாலும் தப்பு வராது. ஆனால் எப்போதும், ஒருபோதும், அடிக்கடி போன்றவை கூட்டத்துக்குள் நுழைந்து, ஆளுக்கும் செயலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். சீன ஆண்டி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் 'ஷீ'க்கும் 'டிரிங்ஸ்'க்கும் நடுவில் தள்ளினார். "அங்கிள், இன்சைட், இன்சைட். ஸ்க்வீஸ் லா!" இரண்டு பேருக்கு நடுவில் அட்டையை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் எப்போதும் காலையில் காப்பி குடிப்பாள் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து நின்றோம். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு முகம் சுட்டது. பள்ளிப் பருவத்தில்கூட நான் அப்படி நிறுத்தப்பட்டதில்லை.

அன்றிலிருந்து பேச்சை எழுத ஆரம்பித்தேன். ஆச்சரியமாக, எளிதாக வந்தது. மகள் பிறந்த நாள், பள்ளியில் சேர்ந்த நாள், பட்டம் வாங்கிய நாள், முதல் வேலை, அந்தப் பையனை வீட்டுக்கு அழைத்துவந்த நாள். எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. தேதியைத் தூக்கி வாக்கியத்தின் கடைசியில் வைத்தால் வாக்கியம் ஆடாமல் நின்றது. பொருட்களை அடுக்கிக் கடைசியில் முத்திரை குத்தி அனுப்பிய கை அல்லவா. எனக்கே என் ஆங்கிலம் பிடித்துப்போனது.

பிறகு மனைவியைப் பற்றிய இரண்டு வரிக்கு வந்தேன். வகுப்பு இருக்கும் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்து காலை முழுக்க எழுதிப் பார்த்தேன். அவள் எப்போதும் எங்களுக்கு முன்னால் எழுந்திருப்பாள். மகள் வீடு திரும்பாமல் ஒருநாளும் படுத்ததில்லை. தெரியாதவரிடமும் சிரித்துப் பேசாமல் இருந்ததே இல்லை. எதை எழுதினாலும் எப்போதும், ஒருபோதும், வழக்கமாக என்றுதான் வந்தது. நடுவில் நுழைக்க வேண்டிய சொற்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. சில வாக்கியங்களில் செயல் இரண்டு சொல்லாகப் பிரிந்து நின்றது. அப்போது என் 'ஆல்வேஸ்' அட்டை எதற்கு முன், எதற்குப் பின்? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரி போலவும் இரண்டும் தப்பு போலவும் இருந்தன.

சரி, தேதியுள்ள வாக்கியமாக அவளைப் பற்றி ஒன்று எழுதுவோம் என்று நாட்குறிப்புகளைப் புரட்டினேன். கல்யாணம், பிரசவம், இரண்டு அறுவை சிகிச்சை, சாவு. எங்கள் இத்தனை வருட வாழ்க்கையில் நான் தேதி போட்டு அவளைப் பற்றி எழுதியது இவ்வளவுதான். மகளுக்கு எத்தனை பக்கங்கள்! வாசகர் வட்டத்துக்கு எத்தனை பக்கங்கள்! இவளோ தினமும் அதே நேரத்தில் அதே வேலைகளைச் செய்துகொண்டிருந்தாள். தினமும் நடப்பதை யார் குறித்துவைப்பார்கள்? அவளைப் பற்றித் தவறில்லாமல் என்னால் சொல்ல முடிந்த ஒரே ஆங்கில வாக்கியம், அவள் இறந்த நாளைச் சொல்லும் வாக்கியம். கல்யாண விருந்தில் அதைச் சொல்லக்கூடாது. சீனர்கள் மேசையில் சாவு என்ற சொல்லையே எடுக்கக்கூடாது என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. அதை நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி வகுப்பில் பேச்சை ஆசிரியையிடம் காட்டினேன். மகளின் கல்யாணம் என்று தெரிந்ததும் மகிழ்ந்துபோனார். பென்சிலால் இரண்டு இடத்தில் மட்டும் திருத்தி, "வெரி குட், அங்கிள்" என்றார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்து, "அண்ட் த மதர்?" என்றார்.

அப்போது கேட்டிருக்கலாம். அந்த அட்டை எங்கே நிற்கும் என்று சொல்லிக் கொடுப்பதற்குத்தான் அந்தப் பெண் சம்பளம் வாங்குகிறார். ஆனால் கேட்டால், மனைவி இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வாக்கியம் ஒருமுறை வாயில் உடைந்தது போதும் என்றிருந்தது.

"தட் ஒன் ஐ ஸே இன் டமில்" என்றேன்.

"ஓ, நைஸ்" என்றார் அவர்.

காலையில் சிராங்கூன் சாலைக் கோயிலில் முகூர்த்தம். மாலையில் விருந்து. மேடையின் ஓரத்தில் மகள் தன் அம்மாவின் படத்தை, மல்லிகைச் சரம் சுற்றி வைத்திருந்தாள். நிகழ்ச்சி நடத்துகிற இளைஞர் என்னைக் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். ஒவ்வொரு வாக்கியமும் நான் பயிற்சி செய்தபடி, தேதியைக் கடைசியில் சுமந்துகொண்டு, வரிசையாகப் போனது. நடுவில் நிமிர்ந்துகூடப் பார்த்தேன். பெரியப்பா தலையாட்டினார். முடித்ததும் பலத்த கைதட்டல். "வாவ், அங்கிள்!" என்றார் அந்த இளைஞர்.

அப்போதும் நேரம் இருந்தது. ஒலிபெருக்கி என் கையில்தான் இருந்தது. ஆசிரியையிடம் சொன்னதுபோலத் தமிழில் இரண்டு வரி சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பலமுறை யோசித்துவிட்டேன். கைதட்டல்தான் காரணம். அந்த நிமிடத்தில் அந்த மண்டபத்துக்கு நான் ஆங்கிலம் தெரிந்தவன். தமிழுக்கு மாறினால், இதுவரை படித்தது மனப்பாடம் என்று தெரிந்துபோகும். அதற்காக என் மனைவியை விட்டுவிட்டேன்.

மகள் சிரித்த முகத்தோடு என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை மடித்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. கழுத்து மாலை உரசக் குனிந்து, "அவ்ளோதானாப்பா?" என்றாள்.

"டைம் ஆயிடுச்சு" என்றேன்.

மேசைக்குத் திரும்பினேன். என் அக்காவுக்குத் தமிழும் மலாயும் மட்டுமே தெரியும். நான் உட்காரும்வரை காத்திருந்தார்.

"ஏன்டா, டிவி செய்தி மாதிரி கடகடன்னு வாசிச்சியே. அவ பேரு காதுல விழலையே? இங்கிலீஷ்ல அவளுக்கு வேற பேரா?"

"இல்லக்கா…"

"என்ன இல்ல? சொல்லவே இல்லையா?"

நான் தண்ணீர் குடித்தேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று இரவு அவர் என்னோடு அதற்குமேல் பேசவில்லை.

அடுத்து சம்பந்தியைக் கூப்பிட்டார்கள். தஞ்சோங் பகாரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். சீனப் பள்ளியில் படித்தவர். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலம் மாதிரிதான் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். கையில் தாள் இல்லை. ஒலிபெருக்கியை மிக அருகில் பிடித்துக்கொண்டார்.

"மை இங்கிலீஷ் ஹாஃப் பாயில்ட் எக் லா" என்றார். "யூ ஆல் ஸ்லோலி ஈட்."

மண்டபம் சிரித்தது. தன் மகனைப் பற்றி ஏதோ கேலியாகச் சொன்னார். பிறகு மல்லிகைச் சரம் சுற்றிய படத்தைக் கையால் காட்டினார்.

"லாஸ்ட் டைம், ஹெர் மதர் கம் மை ஹவுஸ். அலோன் கம்."

என் கையிலிருந்த கண்ணாடி டம்ளரை மேசையில் வைத்தேன்.

அவருடைய வாக்கியங்கள் முன்னும் பின்னுமாகத்தான் வந்தன. நடுவில் மலாய் வந்தது. எல்லாம் புரிந்தது. ஒரு காலையில் அவர் மனைவி வேலைக்குப் போயிருந்த நேரம். வாசல் கேட்டுக்கு வெளியே சேலை கட்டிய ஒரு பெண்மணி, கையில் வடைப் பொட்டலம். "வடை ஸ்டில் ஹாட், யூ நோ!" தான்தான் பெண்ணின் தாய் என்று மலாயில் சொன்னாராம். உள்ளே வந்து உட்கார்ந்தாராம். சமையல் யார் என்று விசாரித்தாராம். பிறகு மகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை கொடுத்தாராம்.

"ஷீ டெல் மீ, பாகி ஜாங்கான் சாக்காப்! மினும் கோப்பி டுலு!"

காலையில் அவளோடு பேசாதீர்கள், முதலில் காப்பி குடிக்கட்டும் என்று அர்த்தம். மண்டபத்தில் இருந்த கிழவர்கள் கிழவிகள் எல்லோருக்கும், சீனர், தமிழர் எல்லோருக்கும், அந்த மலாய் புரிந்தது. வெடிச் சிரிப்பு. என் அக்கா மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"நவ் ஐ நோ ஆல்ரெடி" என்றார் சம்பந்தி. "மார்னிங் ஐ ஸீ ஹெர், ஐ ரன்!"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். தான் வந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டாராம். முறைப்படி அப்பாதான் முதலில் வர வேண்டும், இது தெரிந்தால் அவருக்கு மரியாதைக் குறைவு என்றாராம். பிறகு ஏன் வந்தீர்கள் என்று இவர் கேட்டதற்கு, "ஆஃப்டர்வர்ட்ஸ் மேபி கன்னாட் கம். ஸோ ஐ கம் ஃபர்ஸ்ட்" என்று பதில் வந்ததாம்.

மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் எழுந்து கோப்பையைத் தூக்கி, அவர்கள் வழக்கப்படி மூச்சு முட்டும்வரை "யாம் செங்" என்று கத்தினார்கள். நானும் எழுந்து நின்று வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் மகளும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். அவன் கீழே சாமான் வாங்கப் போயிருந்தான். மகள் சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"அப்பா, அம்மா அவங்க வீட்டுக்குப் போனது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

எப்படி அந்தச் சொல் வந்தது என்று தெரியவில்லை. எந்தத் தடங்கலும் இல்லாமல், தமிழில், தெளிவாக வந்தது.

"தெரிஞ்சுமா என்கிட்ட சொல்லல?"

"அவதான் சொல்ல வேணாம்னா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மெல்லத் தெளிந்தது. எதையோ கண்டுபிடித்துவிட்டவள்போல.

"அப்ப அதுக்குத்தான் ஸ்பீச்ல அம்மாவைப் பத்திச் சொல்லாம விட்டீங்களா? அவர் சொல்லட்டும்னு? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களாப்பா?"

ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

"நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்பா. அன்னிக்கு ராத்திரி உங்க மேல எவ்ளோ கோவம் தெரியுமா? அத்தைகிட்டகூட சொன்னேன்." அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். "சாரிப்பா."

மன்னிப்புக் கேட்டவள் அவள். வாங்கிக்கொண்டவன் நான். அன்று மாலையே அக்காவிடமும் அவள் இதைச் சொல்லிவிட்டாள். அக்கா போன் செய்து, "அத என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா" என்றார். குரலில் பழைய அன்பு திரும்பியிருந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது எங்கள் குடும்பத்தில் என் மனைவி அங்கே போனது நடந்த செய்தி. அதற்குச் சாட்சி நான். வேறொருவர் இப்படி ஒரு சாட்சியம் கொண்டுவந்திருந்தால் நான் என்னென்ன கேட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீடு இருக்கும் தேக்காவிலிருந்து தஞ்சோங் பகாருக்குப் பேருந்தில் போனால் வடை சூடாக இருக்குமா? அவள் கடையில் வடை வாங்குகிறவளே இல்லை, எப்போதும் வீட்டில்தான் சுடுவாள். அந்த வாரங்களில் அவளுக்கு மூச்சு வாங்கியது. தனியாக அவ்வளவு தூரம் போயிருப்பாளா? மகளின் காலைக் கோபம் அவள் புருஷனுக்கும் தெரியும், அவனிடம் கேட்டே தந்தை சொல்லியிருக்கலாம். மேடையில் நான் தாளை மடித்தபோது மருமகளின் முகம் மாறியதை அவர் பார்த்திருக்க முடியும். மேடைக்கு நேர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து வருவதற்குள் ஒரு நல்ல மனிதர் ஒரு கதையைச் செய்துகொண்டிருக்க முடியும்.

மறுபக்கமும் உண்டு. தினமும் காலையில் அவள் சந்தைக்குத் தனியாகத்தான் போவாள். சில நாள் நேரமாகும். வழியில் யாரோடாவது பேசிக்கொண்டு நின்றிருப்பாள் என்று விட்டுவிடுவேன். எத்தனை மணிக்குப் போனாள், எப்போது திரும்பினாள் என்று ஒருநாளும் குறித்ததில்லை. எனக்கு மரியாதைக் குறைவு வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டது அவள் பேச்சாகவே இருக்கிறது. 'முதலில் வந்தேன்' என்பதும்.

சம்பந்தி உயிரோடு நன்றாக இருக்கிறார். தொலைபேசி எண் இருக்கிறது. போன மாதம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "பிரதர், ஈட், ஈட்" என்று என் தட்டை நிரப்பினார். கேட்க வேண்டிய கேள்வியை ஆங்கிலத்திலும் மலாயிலும் தயார் செய்துதான் போயிருந்தேன். அவர் கதையைச் செய்தது உண்மையானால், நான் கேட்பது அவரை வெட்கப்பட வைக்கும். அவள் உண்மையாகவே போயிருந்தால், எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அவருக்குத் தெரிந்தது மகளுக்கும் ஒருநாள் தெரியும். இந்த இரண்டில் எதற்காக நான் வாயைத் திறக்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இரண்டாவதற்காகத்தான்.

என் மனைவி இறப்பதற்கு முன் சம்பந்தி வீட்டுக்குத் தனியாகப் போனாள் என்பதை நான் எங்கும் உறுதி செய்யவில்லை. நாள் தெரியாது. அவர் ஒருவரைத் தவிர வேறு சாட்சியும் இல்லை.